கருமுத்துக் கப்பலிற் கண்ட வழுக்கள்

சென்ற பருவத் தேர்வுகள் முடிவுற்ற சனிக்கிழமை இரவில், நமது விடுதியின் பொதுமண்டபத்தில் வெண்டிரை கட்டி ஆங்கிலப் படமொன்று காட்டினர். ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ என்னும் வரிசையில் அது முதலாவது. ‘கருமுத்தின் சாபம்’ எனப் பொருள்படும் தொடரும் அதன் பெயரோடு சேர்ந்து வழங்கும். 2003ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்த அப்படம், இதனை எழுதும் எமக்கு வயதில் மூத்தது. ஆயினும் கடலும் கப்பலும் வாட்போரும் இளைஞர்க்குப் பழமையெய்துவதில்லை போலும். மண்டபத்தில் நிற்கவும் இடமில்லாதிருந்தது.

கதையை அறியாதார்க்குச் சிறிது கூறுவோம். ஜமெய்க்காத் தீவின் போர்ட் ராயல் துறைமுகத்தில் ஆளுநர் மகள் எலிசபெத் வாழ்கின்றாள். அவளிடத்துப் பொற்காசு ஒன்று உளது. அதனைத் தேடி வரும் கடற்கொள்ளைக்காரர் அவளையும் உடன்கொண்டு செல்கின்றனர். அவளை மீட்கப் புறப்படுகின்றான் வில் டர்னர் என்னும் கொல்லுத்தொழிலிளைஞன். அவனுக்குத் துணையாவான் ஜாக் ஸ்பாரோ. தன் கப்பலாகிய ‘கருமுத்தை’த் தன் துணைவனாகிய பார்போசாவிடம் இழந்தவன். பார்போசாவும் அவன் கூட்டத்தாரும் கவர்ந்த பொற்காசுகள் சாபமுற்றவை. ஆதலின் அவர் வாழ்தலும் இலர், சாதலும் இலர். நிலவொளி படுங்கால் வெற்றெலும்புக் கூடுகளாய்த் தோன்றுவர். காசுகள் அனைத்தும் பழைய கற்பேழைக்கு மீண்டாலன்றிச் சாபம் நீங்காது. ஸ்பாரோவாக நடித்தவர் ஜானி டெப். இயக்கியவர் கோர் வெர்பின்ஸ்கி.

படம் முடியுந் தறுவாயில் ஸ்பாரோ தன் கப்பலை மீளப் பெற்று, மேற்றளத்தில் நின்று மாலுமிகளுக்கு ஆணையிடுகின்றான். அப்பொழுது பின்வரிசையிலிருந்து ஒருவர், “நிறுத்துங்கள்! தொப்பிக்காரரைப் பாருங்கள்!” என்று கூவினார். படம் நிறுத்தப்பட்டது. ஸ்பாரோவின் பின்னே, காட்சியின் ஓரத்தில், வெள்ளைக் குட்டைக்கைச் சட்டையும் அகன்ற விளிம்புடைய தொப்பியும் அணிந்த இக்காலத்து மனிதர் ஒருவர் கடலை நோக்கி அமைதியாக நின்றுகொண்டிருந்தார்! அவர் கொள்ளைக்காரர் அல்லர். படப்பிடிப்புக் குழுவினருள் ஒருவர். மண்டபம் இடியென நகைத்தது. யாமும் நகைத்தோம். இரண்டரை மணி நேரம் எம்மை மயக்கிய பெரியதொரு மாயத்தின் தையல் பிரிந்த இடத்தைக் கண்டுவிட்டோம் என்னும் செருக்கு அந்நகையில் இருந்தது.

மறுநாட் காலையிற் கீழ்வகுப்புத் தம்பி ஒருவர் எம்மிடம் வந்தார். “அண்ணா, அந்த 882 காசுகளும் இப்பொழுது எந்த நாட்டுப் பொருட்காட்சிச்சாலையில் இருக்கின்றன?” என்று வினவினார். யாம் சிறிதும் தயங்காது, “ஸ்பெயின் தேயத்தில் இருக்கும், தம்பி” என்று விடை பகர்ந்தோம். அன்று பிற்பகல், எம் விடையை உறுதிசெய்து கொள்வோமென்று மெக்சிக்கோவின் பழைய வரலாற்றைப் புரட்டியபோது முகம் வெயர்த்தது. அவ்வாறான காசுகள் எங்கும் இல்லை, இருந்ததும் இல்லை. அஸ்டெக்கு மக்கள் காசு அடித்தவரே அல்லர்.

தொப்பி ஒன்றைக் கண்டு ஆரவாரித்த மண்டபம் 882 காசுகளையும் ஐயமின்றி ஏற்றுக்கொண்டது. யாமோ ஏற்றுக்கொண்டதோடு அமையாது, பிறர்க்கும் கற்பித்துவிட்டோம். இவ்விரண்டும் ஒரே வகைப் பிழையோ, அன்றி வெவ்வேறோ என்னும் வினா அன்றுமுதல் எம்மை விட்டகலவில்லை.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் பயிலும் எமக்கு, வழுவென்றால் முதற்கண் நினைவுக்கு வருவன இலக்கண நூல்களே. நன்னூலார் நூற்குற்றம் பத்தென வகுத்து, அவற்றுள் மாறுகொளக் கூறலையும் ஒன்றாக வைத்தார். முன்னர்க் கூறியதற்குப் பின்னர்க் கூறுவது முரணாதல் அது. தண்டியலங்காரமோ இடம், காலம், கலை, உலகம், நியாயம், ஆகமம் என்னும் ஆறோடும் முரணுவதை மலைவு எனப் பெயரிட்டு வழுக்களுட் சேர்த்தது. திரைப்படம் என்பதொன்று உண்டாகுமென அவ்வாசிரியர் கனவிலும் கருதியிரார். ஆயினும் அவர் வகுத்த கூறுகள் இங்கு வியக்கத்தக்கவாறு பொருந்துகின்றன. தொப்பிக்காரர் மாறுகொளலின்பாற் படுவர். காசுகள் மலைவின்பாற் படும்.

முதலில் மாறுகொளலைக் காண்போம். படமொன்று நாம் காணும் வரிசையில் எடுக்கப்படுவதன்று. கதையின் இறுதி முதல்வாரத்திலும், தொடக்கம் கடைசி வாரத்திலும் எடுக்கப்படலாம். இப்படத்தின் தீவுக் காட்சிகள் பல கரீபியக் கடலின் செயின்ட் வின்சென்ட் தீவிலே பிடிக்கப்பட்டன. புதையற் குகையோ லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ஸ்டூடியோவினுள் அமைக்கப்பட்டது. எனவே படகிலேறியவன் குகையில் இறங்குமுன் உண்மையில் ஆயிரக்கணக்கான மைல் கடந்திருப்பான். இடையே எத்தனை நாள் சென்றிருக்குமோ! படகிலிருந்தபோது அவன் தலைமயிர் எவ்வளவு நனைந்திருந்தது, கச்சையின் முடிச்சு எப்பக்கம் தொங்கியது, கன்னத்துக் கரி எவ்விடத்தில் இருந்தது என்பனவெல்லாம் குகையிலும் அவ்வாறே இருத்தல் வேண்டும். பார்போசா எலிசபெத்தின் உள்ளங்கையைக் கீறுகின்றான் அன்றோ? அக்கீறல் பின்வருங் காட்சிகளில் மற்றைக் கைக்கு மாறிவிடலாகாது. நீளவுங் குறுகவுங் கூடாது.

ஒரே காட்சிக்குள்ளும் இத்தொல்லை உண்டு. பார்போசா எலிசபெத்துக்கு விருந்திடும் காட்சியை எண்ணுக. காண்பார்க்கு அது சில நிமிடத்து உரையாடல். எடுப்பார்க்கோ அது பல மணி நேர வேலை. இருவரையும் ஒருசேரக் காட்டி ஒருமுறை, அவன் முகத்தை அணுகி ஒருமுறை, அவள் முகத்தை அணுகி ஒருமுறை என்றிவ்வாறு காமிராவின் இடத்தை மாற்றி மாற்றி அதே சொற்களைப் பேசச் செய்வர். மெழுகுவத்தி அதற்குள் உருகிவிடும், அப்பம் குறைந்துவிடும், கோப்பையில் மதுவின் மட்டம் தாழும். ஒவ்வொரு முறையும் பழைய நிலைக்கே அனைத்தையும் மீட்டு வைத்தல் வேண்டும்.

இதற்கென்றே படப்பிடிப்புக் களத்தில் ஒருவர் இருப்பர். நம் நாட்டுப் படத்துறையார் இவ்வேலையைக் ‘கன்டினியூட்டி’ என்றே வழங்குவர். எச்சொல்லைப் பேசும்போது நடிகர் கோப்பையை எடுத்தார், எக்கையால் எடுத்தார், எச்சொல்லின்மேல் வைத்தார் என்பனவற்றை அவர் ஏட்டிற் குறித்துக்கொள்வர். ஒவ்வொரு நிலையையும் நிழற்படம் எடுத்துவைப்பர். ஏட்டுச்சுவடியைப் படியெடுப்பானது கவனத்தினும் மிக்க கவனம் இவர்க்கு வேண்டும். சுவடியெழுதுவோன் முன்னே மூலம் அசையாதிருக்கும். இவர் முன்னேயோ மூலமே உண்டும் குடித்தும் நடந்தும் திரிகின்றது.

இத்துணைக் காவலிருந்தும் பிழை நுழைவது ஏன்? கவனக்குறைவே காரணமென்று யாம் முன்னர்க் கருதினோம். அஃது ஒரு பகுதியே உண்மை. படத்தொகுப்பாளர் ஒரு சொல்லுக்குப் பல பதிவுகளிலிருந்து ஒன்றைத் தெரிந்தெடுக்கின்றார். ஒன்றில் நடிகர் உயிரோடு பேசியிருப்பார். ஆனாற் கோப்பை தவறான கையில் இருக்கும். மற்றொன்றிற் கோப்பை பொருந்தும், பேச்சு செத்திருக்கும். இவற்றுள் எதனைக் கொள்வது? நல்ல தொகுப்பாளர் பெரும்பாலும் முன்னதையே கொள்வர். எனவே நாம் திரையிற் பிடித்துவிட்டோமென்று மகிழும் முரண்களுட் பல, அறியாது நேர்ந்தன அல்ல, அறிந்தே பொறுக்கப்பட்டன.

கடலில் எடுக்கும் படத்துக்கு இன்னுமொரு பகை உண்டு. அது கடலேதான். காலையில் ஒருவன் பேசிய சொல்லுக்கு மாலையில் மற்றவன் விடைகூறும்போது வெயில் மறுபுறம் வீழ்கின்றது. காற்றுத் திசைமாறிப் பாய் எதிர்ப்பக்கம் புடைக்கின்றது. நங்கூரமிட்ட கப்பலும் தானாகத் திரும்பிவிடுகின்றது. இக்காலத்து உல்லாசப் படகுகளோ எவரிசைவும் வேண்டாது அடிவானத்தில் வந்து நிற்கின்றன. இப்படத்துக்கெனச் செய்யப்பட்ட ஏறக்குறைய 600 கணினிச் சித்திர வேலைகளில் 250 வரை, பின்புலத்தில் தோன்றிய இக்காலப் பாய்க்கப்பல்களை அழிப்பதற்கே செலவாயின. எலும்புக்கூடுகளைப் படைத்த கைவன்மையை வியந்தோம். இல்லாமற் செய்த கைவன்மையை வியந்தார் எவருமிலர். 2002 அக்டோபரில் தொடங்கிய படப்பிடிப்பு முடிந்து, அடுத்த ஆண்டு ஜூலையில் படம் வெளிவந்துவிட்டது. 143 நிமிடத்துப் படம். நொடிக்கு 24 சட்டமாகக் கணக்கிடின் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சட்டங்கள். அவ்வளவையும் விரைந்து துடைத்த கைகளுக்குத் தப்பினார் எம் தொப்பிக்காரர். இவ்வளவும் அறிந்தபின் அவரை நோக்கி நகைக்க மனம் வரவில்லை.

இனி மலைவுக்கு வருவோம். போர்ட் ராயல் மெய்யாகவே ஒரு காலத்திற் கடற்கொள்ளைக்காரரின் செல்வமும் களியாட்டும் மலிந்த துறைமுகமாய் இருந்தது. 1692ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் நிலநடுக்கம் ஒன்றால் அந்நகரின் பெரும்பகுதி கடலுள் ஆழ்ந்தது. ஏறத்தாழ 2,000 பேர் அன்றே மாண்டனர். 1959இற் கடலடியிலிருந்து எடுக்கப்பட்ட சட்டைப்பைக் கடிகாரம் ஒன்று, முற்பகல் 11 மணி 43 நிமிடத்தைக் காட்டி நின்றிருந்தது. அதன்பின் வாணிகம் எதிர்க்கரையிற் கிங்ஸ்டன் நகருக்குப் பெயர்ந்தது. ஆனாற் படத்திலோ கடற்படை அதிகாரிகள் பொலிவான சீருடையில் உலாவுகின்றனர். பிரித்தானியக் கடற்படை அதிகாரிகளுக்குச் சீருடை விதிக்கப்பட்டது 1748இலேதான். பெயர்பெற்ற கடற்கொள்ளைக்காரர் காலமோ அதற்கு முன்னரே கழிந்தது. ‘கருந்தாடி’ என்பான் 1718இல் மாண்டான். ஆகவே சீருடையணிந்த அதிகாரி ஒருவர் செழிப்புற்ற போர்ட் ராயலிற் கொள்ளைக்காரனைத் துரத்தும் ஒரே சட்டத்தில் மூன்று காலங்கள் கைகோத்து நிற்கின்றன. இது காலமலைவு.

இடமலைவும் உண்டு. எலிசபெத் மயங்கி வீழும் கோட்டைமதில் கடலினின்று மிக உயர்ந்த குன்றின்மேல் நிற்கின்றது. உண்மைப் போர்ட் ராயலோ நீண்டதொரு மணற்றிட்டின் நுனியில் அமைந்த தாழ்நிலம். ஆளுநரும் ஆங்கு வாழ்ந்தவர் அல்லர். ஜமெய்க்காவின் தலைநகர் அக்காலத்தில் உள்நாட்டிலுள்ள ஸ்பானிஷ் டவுன். ஆயினும் ஒன்று சொல்லுதல் வேண்டும். துறைமுக வாயிலிற் கொள்ளைக்காரர் உடல்கள் தூக்கில் தொங்குவதாகக் காட்டியது கற்பனையன்று. ‘காலிகோ ஜாக்’ எனப்பட்ட ராக்கம் 1720இற் போர்ட் ராயலில் தூக்கிலிடப்பட்டான். அவனுடல் வருவோர் போவோர் காணுமாறு அருகிருந்த சிறு தீவில் தொங்கவிடப்பட்டது.

குற்றங்காண்பாரும் குற்றமுடையராதல் கூடும் என்பதற்கு ஒரு சான்று. ஸ்பாரோ ஓரிடத்திற் சிங்கப்பூரைக் குறிப்பிடுகின்றான். ராபிள்ஸ் அந்நகரை நிறுவியது 1819இல் அன்றோ, இஃது எவ்வாறு பொருந்துமென விடுதியில் ஒருவர் வாதிட்டார். ராபிள்ஸ் நாட்டியது ஆங்கிலர் வாணிகத்தளமே. சிங்கபுரம் என்னும் பெயர் அதற்குச் சில நூற்றாண்டு முற்பட்டது. ஆங்கிருந்த குடியேற்றத்தைப் போர்ச்சுகீசியர் 1613இல் எரித்தனர் என வரலாறு கூறும். நிற்க, மற்றொன்று விரித்தல் என்னும் நன்னூற் குற்றத்துக்கு யாமே ஆளாகின்றோம்.

உலகமலைவுக்கு எல்லோரும் காட்டுவது, கவிழ்த்த படகினுள் தலையை வைத்துக்கொண்டு ஸ்பாரோவும் வில்லும் கடலடியில் நடந்து செல்லும் காட்சி. இயற்பியல் வகுப்பு நண்பர் ஒருவரோடு கூடி இதனைக் கணக்கிட்டோம். படகினுள் அடங்கிய காற்று ஒரு கனமீற்றர் எனக் குறைத்தே கொள்வோம். அக்காற்று விலக்கும் கடல்நீரின் எடை 1,000 கிலோவுக்குச் சற்று மிகும். அவ்வளவு விசையோடு படகு மேலெழ முயலும். இருவர் அதனைப் பற்றிக் கீழிறக்குவது எங்ஙனம்? அவர்தம் உடலும் நீருள் எடையிழந்து நிற்கும். பத்து மீற்றர் ஆழத்தில் நீரழுத்தம் காற்றைப் பாதியாகச் சுருக்கும் என்று கொண்டாலும், 500 கிலோ எஞ்சும். நீரோ அவர்கள் மூக்குவரை ஏறிவிடும். ஆகவே முற்றிலும் ஆகாத செயல்.

ஆயினும் இதனை வழுவென்று தள்ள எம்மால் இயலவில்லை. வடமொழித் தண்டியார் தம் காவியாதர்சத்தில் இம்முரண்களை வகுத்தபின், கவியின் திறத்தால் இவை குற்றமென்னும் நிலை கடந்து குணமாதலும் உண்டு என்று அமைதி கூறினார். எலும்புக்கூடுகள் கப்பலோட்டும் உலகில், படகைத் தொப்பியாகக் கவிழ்த்து இருவர் நடப்பது நம்மை ஏமாற்றுவதன்று, நம்மோடு விளையாடுவது. அக்காட்சியைக் கண்ட எவரும் மறுநாள் அதனைச் செய்து பார்க்கப் புறப்படவில்லை. போர்ட் ராயலின் குன்றையும் இவ்வாறே பொறுக்கலாம். படம் ஆண்டு எதனையும் குறிக்கவில்லையாதலின் மூன்று காலங்களின் கூட்டத்தையுங்கூட ‘முன்னொரு காலத்தில்’ என அமைத்துக்கொள்ளலாம்.

காசுகளை அவ்வாறு பொறுக்க எம்மால் இயலவில்லை. அவை விளையாட்டாகக் கூறப்படவில்லை. பார்போசா கதை சொல்லும்போது, கோர்ட்டஸ் என்னும் மெய்யான மனிதன் பெயரைக் கூறுகின்றான். அஸ்டெக்கு என்னும் மெய்யான மக்கள் பெயரைக் கூறுகின்றான். 882 என்று எண்ணும் கூறுகின்றான். ஆயிரமென்று கூறியிருப்பின் கதையென்று ஐயுற்றிருப்போம். 882 என்றவுடன் யாரோ எண்ணிப் பார்த்தனர் போலும் என்று மனம் பணிந்துவிடுகின்றது. சாபத்தைக் கதையென்று தள்ளிய அதே உள்ளம் காசை வரலாறென்று சேமித்துக்கொண்டது. எம் வாயினின்று ‘ஸ்பெயின்’ என்னும் விடை அத்துணை விரைவாக வந்தது இதனாலேதான்.

மெய்வரலாறு யாது? கோர்ட்டஸ் 1519இல் மெக்சிக்கோக் கரையில் இறங்கினான். 1521இல் தெனோச்தித்லான் தலைநகர் வீழ்ந்தது. அந்நாட்டு அங்காடியில் சிறுபொருள்களுக்குக் கக்காவோக் கொட்டைகளும், பெருமதிப்புடையவற்றுக்குப் பருத்தியாடைகளும் மாற்றுப்பொருளாய் வழங்கின. கக்காவோவின் கோதைத் திறந்து, பருப்பை நீக்கி, மெழுகும் மாவும் அடைத்து விற்ற வஞ்சகரும் இருந்தனர் எனச் சகாகூன் என்னும் துறவியார் தொகுத்த நூலால் அறிகின்றோம். கள்ளக்காசு அடிப்பவனைக் கேள்வியுற்றிருக்கின்றோம். கள்ளக்கொட்டை செய்பவனை அன்றுதான் அறிந்தோம்.

பொன் அவர்க்கு நாணயம் அன்று. அணியும் வழிபாடும் கலையும் அதற்குரிய இடங்கள். கோர்ட்டசுக்கு அனுப்பப்பட்ட பரிசில்களுள் ஞாயிற்றின் வடிவாகிய பெரிய பொற்றகடும் திங்களின் வடிவாகிய வெள்ளித்தகடும் இருந்தன. அவற்றை 1520இற் பிரஸ்ஸல்ஸ் நகரிற் கண்டார் ஜெர்மானிய ஓவியர் டியூரர். பொற்றொழிலறிந்த குடும்பத்திற் பிறந்த அவர், தம் வாழ்நாளில் இவைபோல் உள்ளத்தை மகிழ்வித்தன வேறில்லை என்னுங் கருத்துப்படத் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அத்தகடுகள் இன்றில்லை. அந்நாட்டுப் பொன்வேலையின் மிகப் பெரும்பகுதி உருக்கப்பட்டுக் கட்டியாயிற்று, கட்டி காசாயிற்று. கோர்ட்டசின் ஆசைக்கு எல்லையில்லாமையே சாபத்துக்குக் காரணமென்று படமும் கூறுகின்றது; அவ்வளவில் அதற்கு நன்றி உரியது. ஆயினும் பொன்னைக் காசாக்கியவர் எவரோ அவரை விடுத்து, காசறியாத மக்கள் தலையிலே காசடித்த பெயரை ஏற்றிவிட்டது.

இவ்வளவையும் அத்தம்பியைத் தேடிச் சென்று கூறினோம். எம் பழைய விடை பிழையென்பதையும் ஒப்புக்கொண்டோம். அவர் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. கள்ளக்கொட்டைக் கதையையே இருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பின்னர், “அண்ணா, அந்தத் தொப்பிக்காரரை இன்னுமொருமுறை காட்டுகின்றீர்களா?” என்றார்.

விடுதி அறையிற் சிறு திரையில் அவ்விறுதிக் காட்சியை மீண்டும் போட்டோம். ஸ்பாரோ ஆணையிட்டான், பின்னே அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார், மறைந்தார். படம் முடிந்து, அதனைச் செய்தவர் பெயர்கள் நெடுநேரம் மேலேறிச் சென்றன: தச்சர், தையற்காரர், கயிறிழுத்தோர், விளக்குப் பிடித்தோர். அவருள் அவர் எவரென்று தம்பி கேட்டார். பெயர்கள் முற்றிலும் ஏறி மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.